கிலோன்னா எந்தக் கிலோ?

வா மாப்ளே. செருப்பு ரெண்டும் ரெண்டு திக்குல கெடக்கறதைப் பாத்தாலே தெரியுது, பையர் டெபிட் அடிச்சுப்போட்டான். உக்காரு. மோரைக் குடி. உன்ற அத்தை பெருங்காயத்தைக் கொஞ்சம் எச்சாத்தான் போட்டிருப்பா, கண்டுக்காதே.

சரக்கு சுத்தம்ங்கறே. தையல்ல ஒரு பிசிறு இல்லைங்கறே. தூத்துக்குடியில கப்பலும் சொன்ன நாளுக்கு ஏறிருச்சு. அப்பறம் எதுக்கு அபராதம்? பெட்டி மேல ஒட்டின லேபிள்ல ஒரு நம்பரு, பெட்டிக்கு முன்னால போன கம்ப்யூட்டர் சேதியில வேற நம்பரு. ராத்திரி பன்னண்டு மணிக்கு உன்ற பேக்கிங் சூப்பர்வைசர் ரெண்டு பெட்டியை மாத்திப் போட்டான், ஆபீசுல சொல்லாம ஊட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டான். அமெரிக்காவுல ஏதோ ஒரு குடோன்ல மிசின் அந்த லேபிளைப் பாத்துப்போட்டு, "நீ யாரு, உன்னை எனக்குத் தெரியாதே"ன்னு சொல்லிருச்சு. பெட்டிக்கு இவ்வளவுன்னு தீட்டிப்போட்டான்.

அநியாயம் மாமாங்கறே. இருக்கட்டும். உன்ற தங்கச்சிக்குச் சீர் கொண்டுபோனமே, ஞாபகம் இருக்குதா? இருவத்தியொரு தட்டு வருதுன்னு முன்னாலயே ஆள் உட்டுச் சொல்லியாச்சு. மாப்பிள்ளை ஊட்டு வாசல்ல ஒரு கெழவி நின்னு விரலை மடக்கி மடக்கி எண்ணுனா. இருவதுதான் போய்ச் சேந்துது. கொறைஞ்ச அந்த ஒத்தைத் தட்டுல இருந்தது வெறும் கல்கண்டு. அந்தக் கல்கண்டுக்கு அவிய இன்னைக்கு வரைக்கும் வட்டி வசூல் பண்றாங்க. இருவதுன்னே சொல்லி அனுப்பியிருந்தா ஒரு வாய் திறந்திருக்காது.

அப்படி முன்னாலயே ஆள் உட்டுச் சொல்றதுக்குத்தான் வெள்ளைக்காரன் 856ன்னு நம்பர் குடுத்திருக்கான்.

ஏன் முழிக்கறே? மாமனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? போன மாசம் உன்ற மக பரிச்சைக்கு இங்க ஆசாரத்துல உக்காந்து சத்தம் போட்டுப் படிச்சா. எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணிக் கட்டுப் போட்டிருந்துது. காது தொறந்துதானே கெடந்துது. அவ பாஸ் பண்ணினாளோ இல்லையோ, நான் பாஸ்.

அமெரிக்காக்காரன் வியாபாரத்துல ஒவ்வொரு காயிதத்துக்கும் ஒரு நம்பர் வெச்சிருக்கான். ஆர்டர் போட்டா 850. அது பொண்ணு கேட்டு வர்றது. சரிங்க, செய்யறோம்னு நீ திருப்பி அனுப்பறது 855. நம்மூர்ல உப்புச்சக்கரை. முகூர்த்தத்தை மாத்தோணும், பந்தியில நூறு எலை கொறைக்கோணும்னு நடுவுல ஆள் வந்தா 860. இன்ன பெட்டியில இன்னது வருதுன்னு முன்னால சொல்லி அனுப்பறது 856. கடைசியில பந்தக்காரன் நீட்டற பில்லு இருக்குதே, அது 810.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது 997. பத்திரிகை வெச்சா வாங்கிக்கிட்டு "வந்து சேந்துதுங்க"ன்னு சொல்றோமல்லோ, அது. கிழியாம வந்துது, எழுத்து படிக்கற மாதிரி இருக்குது. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வருவான்னோ, மொய் வெப்பான்னோ அதுல ஒரு வார்த்தை கெடையாது. போன வருசம் நீ 810 அனுப்பி, அவன் 997 அனுப்பினதும், "பையர் பில்லை ஒத்துக்கிட்டான் சார்"னு பேங்குல போய் ஸ்வீட் குடுத்தயாமே? அந்த மேனேஜர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கறாரு. ஸ்வீட்டைத் திங்கறப்ப மட்டும் சிரிக்கலையாக்கும்.

இதையெல்லாம் ஆரம்பிச்சது கம்ப்யூட்டர் படிச்சவன்னு நெனைக்காதே. ஒரு பட்டாளத்துக்காரன். 1948ல ரஷ்யாக்காரன் மேற்கு பெர்லினுக்குப் போற ரோடு, ரயில், வாய்க்கால் அத்தனையும் அடைச்சுப்போட்டான். உள்ள இருவது லட்சம் சனத்துக்கு மேல. நிலக்கரி, மாவு எல்லாமே ஏரோப்ளேன்லதான் போகோணும். சரக்கு எங்கெங்கிருந்தோ வருது. சீட்டு ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. ஒண்ணு இந்தப் பாஷை, ஒண்ணு அந்தப் பாஷை, ஒண்ணுக்கு ரெண்டு காப்பி, இன்னொண்ணுக்கு அஞ்சு காப்பி. ப்ளேன் எறங்கி நிக்குது, சீட்டைப் படிக்க ஆளில்லை. எட்வர்டு கில்பர்ட்னு ஒரு சார்ஜெண்டு பாத்தாரு. டெலக்ஸ்ல அனுப்பு, ரேடியோவுல அனுப்பு, டெலிபோன்ல சொல்லு, எப்படி வேணும்னாலும் பண்ணு. ஆனா எல்லாச் சீட்டும் ஒரே வரிசையில இருக்கோணும்னு ஒரு வழி பண்ணினாரு. பட்டாளத்தை உட்டு வெளிய வந்ததுக்கப்பறம் டூபாண்ட் கம்பெனியில சேந்து, டேங்கர் லாரிக்காரங்களோட அதே வேலையைப் பண்ணினாரு.

பசியில இருந்தவனுக்குத்தான் வரிசை வேணும்னு தோணியிருக்குது. உனக்கு வயிறு நெறைஞ்சிருக்குது மாப்ளே, அதுதான் தொந்தரவு.

அப்பறம் அமெரிக்காவுல ரயில்காரன், லாரிக்காரன், கப்பல்காரன், ஏரோப்ளேன்காரன் எல்லாம் 1968ல ஒரு கமிட்டி போட்டு உக்காந்தானுக. அந்த ஒரே வரிசைக்கு முதல் புஸ்தகம் எப்ப வந்துதுங்கறே? 1975ல. ஏழு வருசம். ஏழரைக்கு அரை வருசம் கம்மி. அவனுக மட்டும் சண்டை போடாம ஒண்ணாயிருப்பானுகன்னு நெனைச்சயா? 1979ல எக்ஸ்12ன்னு இன்னொரு குழு, எல்லாத் தொழிலுக்கும் சேத்து. துணிமணிக் கடைக்காரங்க 1986ல தனியாக் கூடி அதையே தங்களுக்குத் தகுந்த மாதிரி வெட்டித் தெச்சுக்கிட்டாங்க. அதுக்கு அடுத்த வருசம் ஐரோப்பாப் பக்கம் ஐ.நா. சபை பேரைச் சொல்லி எடிஃபேக்ட்னு ஒண்ணு. அமெரிக்காக்காரன் நம்பர் போட்டா இவன் பேரு வெச்சான்: ஆர்டர்ஸ், டெசாட்வ், இன்வாய்க். பெருமாள் ஒருத்தர்தான், நாமந்தான் வடகலை, தென்கலை.

நாமம் உனக்கும் உண்டு. எக்ஸ்12 ஒண்ணுதான்னாலும் ஒவ்வொரு பையரும் தனித்தனியா ஒரு தடிப் புஸ்தகம் குடுத்திருக்கானல்லோ? இந்த எடத்துல எங்க ஊரு வழக்கம், அந்த எடத்துல எங்க அப்பன் வழக்கம்னு. மூணு பையருக்குத் துணி தெச்சா மூணு மாமியா. நடுவுல சேதியைச் சுமந்துக்கிட்டுப் போறவன் வேற எழுத்தை எண்ணிக் காசு வாங்கறான், ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவுன்னு. தந்தியை நிறுத்திப்போட்டாங்கன்னு 2013ல நான் வருத்தப்பட்டேன். வீணா வருத்தப்பட்டிருக்கறேன், அது உங்க ஆபீசுல வேலை பாக்குது.

உனக்கு இதுல இருக்கற கஷ்டம் எனக்குத் தெரியாம இல்லை. பெரியவன் சொன்னான், சின்னவன் மாறினான். முட்டுவழி பூராச் சின்னவன் தலையில. அதை உட்டுப்போட்டு இப்ப உங்க கதைக்கு வா.

நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், கார்மெண்ட்ஸ்னு உங்காளுக பத்துப் பேரு கூடிப் பேசினீங்களே. இனிமே எல்லாருக்கும் ஒரே மாதிரி டெலிவரி சலான், அதான் டிசி, ஒரே மாதிரி பில்லு, ஒருத்தன் கம்ப்யூட்டர்ல இருந்து அடுத்தவன் கம்ப்யூட்டருக்கு நேராப் போகோணும்னு. என்னாச்சு? மூணு கூட்டம் போட்டீங்க. மூணுலயும் கேசரி நல்லா இருந்துதுன்னு நீதான் சொன்னே. வாட்சப்புல குரூப் ஆரம்பிச்சீங்க. இப்ப அதுல காலையில பூப்படம் போட்டு நல்லா இருங்கன்னு அனுப்பிக்கறீங்க. ஒரே மாதிரி இருக்கறது அது ஒண்ணுதான்.

எங்க முட்டிக்கிட்டுதுன்னு நானே சொல்றேன். கிலோவுல.

நீ நூறு கிலோ கோராத்துணி டையிங்குக்கு அனுப்பறே. திரும்ப வர்றது நூறு இருக்காது. சாயம் ஏறும், பிசுக்கு போகும், ஈரம் காயும், எடை மாறும். அது துணியோட சுபாவம். ஆனாப் பில்லு எந்தக் கிலோவுக்கு? போனப்ப இருந்த கோராக் கிலோவுக்கா, வந்தப்ப இருந்த பினிஷ் கிலோவுக்கா? டிசியில வெறும் "கிலோ"ன்னு எழுதியிருக்குது. அவன் ஒண்ணை நெனைச்சு எழுதினான், நீ ஒண்ணை நெனைச்சுப் படிச்சே. மாசக் கடைசியில ரெண்டு கணக்குப்புள்ளைக எதிரெதிர உக்காந்து, பிரியாணி வாங்கித் தின்னுக்கிட்டு, நாள் பூரா ஓரியாட்டம்.

கலருக்கு வா. உன்ற டிசியில கிளிப்பச்சை. டையிங்காரன் நோட்டுல பேரட் கிரீன். பிரிண்டிங்காரன் சீட்டுல "பச்சை, ரெண்டாவது". பையர் வந்து பேண்டோன் நம்பரைக் காட்டி இது எங்கன்னு கேட்டப்ப, மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்தீங்க. கிளிக்குத் தெரிஞ்சிருந்தா அதுவே பறந்திருக்கும்.

அதனால நான் சொல்றதைக் கேளு மாப்ளே. ஒத்துக்காதே. இந்த ஒரே வரிசைங்கற சமாச்சாரம் உனக்கு ஆகாது.

உன்ற ஆபீசுல ரெண்டு பசங்க காலையில இருந்து பொழுது வரைக்கும் அடுத்தவன் அடிச்ச பில்லைப் பாத்து மறுக்கா அடிக்கறானுக. அவன் கம்ப்யூட்டர்ல இருந்து அச்சுப் போட்டு, காயிதத்தைப் பைக்குல கொண்டு வந்து, இவன் கம்ப்யூட்டர்ல ஏத்தறான். ஏத்தறப்ப 38 வந்து 83 ஆகும். அதைக் கண்டுபிடிக்க மூணாவதா ஒருத்தன். மூணு குடும்பம் பொழைக்குது. அதைக் கெடுக்காதே.

டையிங்காரனைக் கேட்டா, எடை எதுன்னு தெளிவா எழுதிப்போட்டா அப்பறம் "பிராசஸ் லாஸுங்க"ன்னு கையை விரிக்க முடியாதேன்னு பயப்படுவான். அவனை உடு. நீ யோக்கியமா? "உங்க பில்லே வரலீங்க, மெயில்ல எங்கயோ மாட்டிக்கிச்சுங்க"ன்னு எத்தனை பேர்த்துக்குச் சொல்லியிருப்பே? சின்னத் தொழில்காரனுக்கு எப்படிப் போனாலும் 45 நாளுக்குள்ள காசு குடுத்தாகோணும்னு சட்டம் இருக்குது. பில்லு கம்ப்யூட்டர்ல வந்து, கையோட ஒரு "வந்து சேந்துதுங்க" தானாத் திரும்பிப் போயிருச்சுன்னு வையி. மெயில் மேல பழி போட முடியுமா? எப்பேர்ப்பட்ட நட்டம்! கமிட்டியில எல்லாரும் சாப்ட்வேர் சரியில்லைன்னீங்களாமே. சாப்ட்வேர் பாவம், அதுக்கு வாயில்லை.

வெளிய சொல்றதுக்கு இன்னொரு காரணம் வெச்சிருக்கீங்க. ஒரே மாதிரி பண்ணினா நம்ம ரேட்டு எல்லாருக்கும் தெரிஞ்சுருமாம்.

நீ கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்ற கூட வந்திருக்கறே. அப்ப உனக்கு எட்டு வயசு இருக்கும், சவ்வுமிட்டாய் வாங்கித் தரலைன்னு அழுது பொரண்டே. அங்க தரகன் என்ன பண்ணினான்னு பாத்தயா? துண்டைக் கை மேல போட்டு, உள்ள விரலைப் புடிச்சான். ஒரு விரல் புடிச்சா ஒண்ணு, ரெண்டு புடிச்சா ரெண்டு, கையோட புடிச்சா அஞ்சு. ஆயிரமா பத்தாயிரமான்னு மாட்டைப் பாத்தாலே தெரியும். வாயில ஒரு பேச்சு இல்லை. சுத்தி நூறு பேரு நிக்கறான், ஒருத்தனுக்கும் வெலை தெரியாது. ஆனா அந்த நூறு பேர்ல யாரைக் கூப்பிட்டு அந்தத் துண்டுக்குள்ள கையை உடச் சொன்னாலும் பேரம் பேசுவான். அந்தியூருச் சந்தைத் தரகன் இங்க வந்தாலும் அதே விரல்தான். மூடறது வெலையை. விரலுக்கு அர்த்தம் ஊருக்கே பொது. ஆளுக்கொரு விரல் கணக்கு வெச்சிருந்தா அன்னைக்குச் சந்தையில மாடு கை மாறியிருக்காது, கொம்புதான் மாறியிருக்கும்.

உங்க ரேட்டு துண்டுக்குள்ள இருக்கட்டும். யாரு கேட்டா? கிலோன்னா என்னன்னு மட்டும் வெளிய சொல்லு.

மாத்தறப்ப சேதாரம் வரும்ங்கறதையும் நான் இல்லைங்கலை. 1957 ஏப்ரல் ஒண்ணாந் தேதி நயா பைசா வந்துது. எனக்குப் பன்னண்டு வயசு. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் ரூவாய்க்குப் பதினாறு அணா, அன்னைக்கு விடிஞ்சதும் நூறு பைசா. அணாவுக்கு ஆறே கால் பைசாங்கறாங்க. கால் பைசாவுக்கு எங்க போறது? எங்கய்யன் ரெண்டணாக் குடுத்து வெத்தலை பாக்கு வாங்கிட்டு வரச் சொன்னாரு. ரெண்டணாவுக்குக் கணக்குப்படி பன்னண்டரைப் பைசா. கடைக்காரன் பன்னண்டுன்னு வரவு வெச்சான். அந்த அரைப் பைசாவை நான் முட்டாய் வாங்கித் தின்னுப்போட்டேன்னு எங்கய்யன் வேப்பங்குச்சியில நாலு வெச்சாரு. இன்னிக்கும் அந்த அரைப் பைசா எனக்கு வரோணும்.

ஒரு கணக்குல இருந்து இன்னொரு கணக்குக்குத் தாண்டற எடத்துலயெல்லாம் ஒரு அரைப் பைசா சிந்தும். பழைய அணாவுல இருந்து பைசாவுக்கு ஒருக்காத் தாண்டினோம், நாலு அடியோட போச்சு. நீ தெனமும் தாண்டறே. நிட்டிங்ல ஒருக்கா, டையிங்ல ஒருக்கா, பிரிண்டிங்ல ஒருக்கா. கீழ சிந்தறதை யாரு பொறுக்கறான்னு பாத்தயா?

ஒத்துக்கறது நமக்குப் புதுசுன்னா ஒரு நாயம் இருக்கும். நாப்பதாம் நம்பர் நூல்னு போன்ல சொல்றே, ராஜபாளையத்து மில்லுக்காரனுக்குப் புரியுது. கோயமுத்தூர்க்காரனுக்குப் புரியுது. பஞ்சாப்காரனுக்குப் புரியுது. நாப்பதுன்னா என்ன? 840 கெஜம் ஒரு சிட்டம், அந்த மாதிரி நாப்பது சிட்டம் சேந்தா ஒரு பவுண்டு. கெஜமும் போச்சு, பவுண்டும் போச்சு, அதைக் கொண்டுவந்த வெள்ளைக்காரனும் போயிட்டான். கணக்கு நிக்குது. எந்தக் கமிட்டியில கேசரி தின்னு இதை ஒத்துக்கிட்டே? ஏற்றுமதிச் சீட்டுல 6109ன்னு போட்டா டி-ஷர்ட்டுன்னு உலகத்துல எந்தத் துறைமுகத்துக் கஸ்டம்ஸ்காரனுக்கும் தெரியும். அதுல உனக்கு என்ன கௌரவம் கொறைஞ்சு போச்சு?

ஜிஎஸ்டிக்கு வா. கம்ப்யூட்டர்ல பதிஞ்சு நம்பர் வாங்கினாத்தான் பில்லுன்னு 2020 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, 500 கோடிக்கு மேல வியாபாரம் பண்றவங்களுக்குன்னு. அது பெரிய எடத்துச் சமாச்சாரம் மாமான்னு சிரிச்சே. 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு எறங்கி உன்ற வாசல்ல வந்து நின்னுது. அறுவத்தி நாலு எழுத்துல ஒரு நம்பரு, மூலையில ஒரு கட்டம் கட்டமான படம். கத்துனே, குதிச்சே, ஒரே மாசத்துல பழகிட்டே. இப்ப உன்ற பில்லும் உன்ற எதிரி பில்லும் அரசாங்கத்துக்கு ஒரே அச்சுலதான் போகுது.

அரசாங்கம் சொன்னா அடிச்சுப் புடிச்சு மாறறே. பையர் சொன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மாறறே. எதிர்ச்சந்து டையிங்காரன், உன்ற கூடப் பள்ளிக்கூடத்துல ஒரே சிலேட்டுல எழுதினவன், அவன் சொன்னா மட்டும் "நான் எதுக்கு அவன் வழிக்குப் போகோணும்"ங்கறே. அவனும் அதையேதான் சொல்றான். நேத்துச் சாயங்காலம் இதே திண்ணையில, இதே மோரைக் குடிச்சுப்போட்டுத்தான் சொன்னான்.

ஆமா, வந்தான். ஏன், வரக்கூடாதா? அவனுக்கும் நான் மாமன் மொறைதான்.

பத்து விசயத்தை ஒருக்காலாப் புடிக்காதீங்க. அமெரிக்காவுல கோடு போட்ட லேபிளை முதமுதல்ல கடை மிசின்ல காட்டினது 1974 ஜூன்ல. என்னத்துல ஒட்டியிருந்துதுங்கறே? சூயிங்கம் பொட்டணத்துல. நீங்களும் ஒத்தை வரியில ஆரம்பிங்க. டிசியில எடைக்கு ரெண்டு கட்டம்: கோராக் கிலோ ஒண்ணு, பினிஷ் கிலோ ஒண்ணு. பில்லு எதுக்குன்னு மேலயே எழுதிப்போடுங்க. கலருக்குப் பேரை உட்டுப்போட்டு பேண்டோன் நம்பரு. ரோலுக்கு ஒரு நம்பரு, அது உங்கிட்ட இருந்து போறப்பவும் அவங்கிட்ட இருந்து வர்றப்பவும் அதே நம்பரு. இதை ரெண்டு பேரும் ஆறு மாசம் காயிதத்துலயே எழுதிப் பாருங்க. அப்பறம் கம்ப்யூட்டர் பசங்களைக் கூப்புட்டா அவங்களுக்கு ஒரு வாரத்து வேலை. ஒத்துக்காததை ஏத்தறதுக்குத்தான் மாப்ளே வருசக்கணக்கா ஆகுது, லட்சக்கணக்கா ஆகுது.

மூணாவது ஆளா பிரிண்டிங்காரன் தானா வருவான். ரெண்டு பேரு ஒரே கணக்குல பேசறதைக் கேட்டா தனக்குத் தெரியாம ஏதோ லாபம் ஓடுதுன்னு நெனைச்சுக்குவான். உட்டுரு, நெனைக்கட்டும்.

எங்க எந்திரிக்கறே? உக்காரு. உன்ற போனைக் குடு. அந்த டையிங்காரன் நம்பர் என்ன பேருல போட்டு வெச்சிருக்கறே? "லாஸ் பார்ட்டி"யா? நல்லாருக்குது. அவன் உன்னை என்ன பேருல வெச்சிருக்கான்னு நேத்தே பாத்துப்போட்டேன், சொல்ல மாட்டேன். கூப்பிட்டு வரச் சொல்லு. வர்றப்ப ஒரு டிசி புக்கு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு, வெத்துப் பக்கம் இருக்கறதா. உள்ள அத்தைகிட்டச் சொல்லி இன்னொரு சொம்பு மோர் வாங்கியா, பெருங்காயம் வேண்டாம்னு சொல்லு.